தடையின் திறவுகோல் எவர் மடியில்?



ஓர் ஊரில் ஒரு கடை. அக் கடையில் விற்கும் பண்டம் ஊரார்க்குக் கேடு விளைக்கும் என்று ஊர்மன்றம் கூடி ஆய்ந்து, கடையை மூடுக என்று முடிவு செய்கிறது. கடைக்காரன் முறையிடுகிறான். நடுவர்கள் இரு பக்கமும் கேட்டு, மன்றத்தின் முடிவு சரியே என்கின்றனர். பூட்டும் திறவுகோலும் ஊர்க் காவற்காரன் கையில் தரப்படுகின்றன. அவனோ கடையைப் பூட்டவுமில்லை. பூட்டை மன்றத்திடம் திருப்பித் தரவுமில்லை. திறவுகோலை மடியில் செருகிக்கொண்டு கடைவாயிலில் அமர்ந்து, ‘நான் விரும்பும் வரை நீ விற்கலாம்’ என்கிறான். அன்று முதல் அக் கடைக்காரன் எவனுக்கு அஞ்சுவான்? முடிவு செய்த மன்றத்திற்கா? தீர்ப்புச் சொன்ன நடுவர்க்கா? மடியில் திறவுகோல் வைத்திருக்கும் காவற்காரன் ஒருவனுக்கே அஞ்சுவான், அவனுக்கே பணிவான், அவன் புகழையே பாடுவான்.

இது வெறுங்கதையன்று. உலகத்திற்கெல்லாம் மக்களாட்சியின் நெறிமுறைகளைக் கற்பிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் அமெரிக்க நாட்டில், 2025ஆம் ஆண்டு முழுவதும் நடந்த நடப்பு இது. கடையின் பெயர் ‘டிக்டாக்’. அதன் உரிமையாளர் சீனத்தைச் சேர்ந்த ‘பைட்டுடான்சு’ நிறுவனத்தார். காவற்காரர், அந் நாட்டுக் குடியரசுத் தலைவர்.

அச்சத்தின் வேர்

அமெரிக்கர்களின் அச்சம் முற்றும் பொய்யென்று தள்ளிவிடுதற்கில்லை. சீனம் 2017ஆம் ஆண்டில் இயற்றிய உளவுச் சட்டம், அந் நாட்டு நிறுவனங்கள் யாவும் அரசின் உளவுப் பணிக்குத் துணைநிற்க வேண்டும் என்று கூறுகிறது. பைட்டுடான்சின் பணியாளர் சிலர், செய்தியாளர்கள் சிலரின் தரவுகளை முறையின்றி எடுத்துப் பார்த்தனர் என்பதை, 2022 திசம்பரில் அந் நிறுவனமே ஒப்புக்கொண்டது. 17 கோடி அமெரிக்கர் நாள்தோறும் எதைப் பார்க்கின்றனர், எதில் மயங்குகின்றனர், எதை வெறுக்கின்றனர் என்னும் செய்தியெல்லாம் வேற்றரசின் கைக்கு எட்டும் தொலைவில் இருப்பதை எந்த நாடும் வாளா பார்த்துக்கொண்டிராது.

முதலில் அச் செயலியைத் தடைசெய்ய முனைந்தவர் யார் தெரியுமா? தொனால்டு திரம்பே! 2020 ஆகத்து 6ஆம் நாள், தம் முதல் ஆட்சிக் காலத்தில், ஆணை ஒன்றின் வாயிலாக அவர் அதைத் தடுக்க முயன்றார். அறமன்றங்கள் அதை நிறுத்தி வைத்தன. அடுத்து வந்த சோ பைடன் 2021 சூனில் அவ் வாணையைத் திரும்பப் பெற்றார். எனவே, தனியொருவர் ஆணை செல்லாது, நாடாளுமன்றம் கூடிச் சட்டம் இயற்றுதலே முறை என்னும் நிலை ஏற்பட்டது.

அவ்வாறே சட்டமும் வந்தது. 2024 மார்ச்சு 13ஆம் நாள் கீழவையில் 352 பேர் ஒப்பினர். 65 பேர் மறுத்தனர். பின்னர், வெளிநாடுகளுக்கு உதவும் பெருஞ்சட்டத்தோடு இணைக்கப்பட்டு, ஏப்பிரல் 23ஆம் நாள் மேலவையில் 79க்கு 18 என்னும் கணக்கில் நிறைவேறியது. மறுநாளே பைடன் கையெழுத்திட்டார். எதிரும் புதிருமாக நிற்கும் இரு கட்சியினரும் ஒன்றுபட்டு நிறைவேற்றிய அரிய சட்டங்களுள் அஃதொன்று.

சட்டத்தின் யாப்பு

அச் சட்டம் கூறியது இதுவே: 270 நாள்களுக்குள், அஃதாவது 2025 சனவரி 19ஆம் நாளுக்குள், பைட்டுடான்சு தன் அமெரிக்க உரிமையைக் கைமாற்றிவிட வேண்டும். இல்லையேல் அச் செயலியை அமெரிக்காவில் எவரும் வழங்கலாகாது. கைமாற்றும் முயற்சி உண்மையிலேயே முதிர்ந்து, அதற்குரிய கட்டுறுதியான உடன்படிக்கைகளும் ஏற்பட்டிருந்தால், குடியரசுத் தலைவர் அதை நாடாளுமன்றத்திற்குச் சான்றுரைத்து, ஒரே ஒரு முறை, 90 நாளுக்கு மேற்படாமல், காலம் நீட்டலாம்.

இதில் கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அச் சட்டம் செயலியைப் பார்க்கும் மக்களைத் தண்டிக்கவில்லை. அதைத் தம் செயலிக் கடைகளில் வைத்து வழங்கும் ஆப்பிள், கூகுள் போன்ற நிறுவனங்களையும், அதன் தரவுகளைத் தம் கணிப்பொறிகளில் தாங்கிநிற்கும் ஆரக்கிள் போன்ற நிறுவனங்களையுமே அது பிடித்தது. பயனர் ஒருவருக்கு 5,000 தாலர் வீதம் தண்டம்! 17 கோடிப் பயனருக்கும் கணக்கிட்டால் 85,000 கோடி தாலர்! உலகின் மாபெரும் வணிக நிறுவனத்தையும் நிலைகுலையச் செய்யும் தொகை அது. அத் தண்டத்தை வாங்கித்தர வழக்குத் தொடுக்கும் உரிமையோ, அரசின் தலைமை வழக்குரைஞர் ஒருவரிடமே விடப்பட்டது. அவரை அமர்த்துபவர் குடியரசுத் தலைவர்.

வாளை இத்துணைக் கூராக வடித்தவர்கள், பிடியை ஒருவர் கைக்குள் அடக்கிவிட்டனர். அங்கேதான் எல்லாச் சிக்கலும் முளைவிட்டது.

நிறுவனத்தார் வழக்காடினர். பேச்சுரிமை பறிபோகிறது என்றனர். 2024 திசம்பர் 6ஆம் நாள் முறையீட்டு மன்றம் சட்டம் செல்லும் என்றது. 2025 சனவரி 17ஆம் நாள் உச்ச அறமன்றமும், நடுவர் ஒருவரும் மாறுபடாமல், சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. அரசு கமுக்கமாகக் காட்டிய சான்றுகளைக் கொள்ளாமல், வெளிப்படையான ஆவணங்களை மட்டுமே கொண்டு அம் முடிவுக்கு வந்ததாகவும் மன்றம் கூறியது. மக்களாட்சியில் ஒரு சட்டம் கடக்க வேண்டிய வாயில்கள் எத்தனை உண்டோ அத்தனையையும் அச் சட்டம் கடந்துவிட்டது. எஞ்சியிருந்தது ஒன்றே: செயற்படுத்துதல்.

ஓரிரவு இருள்

சனவரி 18ஆம் நாள் இரவு, டிக்டாக் தன் விளக்கைத் தானே அணைத்துக்கொண்டது. செயலியைத் திறந்தோர் கண்டது, சேவை இல்லை என்னும் அறிவிப்பையும், திரம்பு ஒரு தீர்வு காண்பார் என்னும் நம்பிக்கை மொழியையுமே. மறுநாளே விளக்கு மீண்டும் எரிந்தது. திரம்பின் முயற்சியால் மீண்டோம் என்று நன்றி கூறியது அந் நிறுவனம்.

எண்ணிப் பாருங்கள். சனவரி 19ஆம் நாள் நாட்டை ஆண்டவர் பைடன். செயற்படுத்தும் பொறுப்பை வருகின்ற ஆட்சிக்கே விடுவதாகச் சொல்லி அவர் ஒதுங்கிக்கொண்டார். தாம் கையெழுத்திட்ட சட்டத்தை, அது செயலுக்கு வந்த அந் நாளிலேயே அவர் கைகழுவினார். திரம்போ இன்னும் பதவியேற்கவில்லை. பதவியில் இருந்தவர் வாய்வாளாதிருக்க, பதவி ஏற்காதவரின் வாய்மொழியை நம்பிச் சட்டத்தை மீறத் துணிந்தது ஒரு நிறுவனம். ஆப்பிளும் கூகுளும் மட்டும் அஞ்சின. அவை தம் கடைகளில் அச் செயலியை மீண்டும் வைக்கவில்லை. 85,000 கோடி தாலர் என்பது வாய்மொழியை நம்பிப் பணயம் வைக்கும் தொகையன்று என்பதை அவை உணர்ந்திருந்தன.

ஐந்து ஆணைகளும் சில மடல்களும்

சனவரி 20ஆம் நாள், பதவியேற்ற அன்றே, 75 நாளுக்குச் சட்டத்தைச் செயற்படுத்தலாகாது என்று திரம்பு ஆணையிட்டார். ஏப்பிரல் 4இல் மேலும் 75 நாள். சூன் 19இல் மேலும் 90 நாள். செப்தம்பர் 16இல் திசம்பர் நடுப்பகுதி வரை நீட்டிப்பு. செப்தம்பர் 25இல் உடன்படிக்கையை ஏற்பதாக ஓர் ஆணை. அதனுள் இன்னும் 120 நாள். சட்டம் தந்தது ஒரே ஒரு நீட்டிப்பு, அதுவும் சான்றுகளோடு. முதல் ஆணை பிறந்த நாளில் கட்டுறுதியான உடன்படிக்கை ஏதும் இல்லை. சட்டம் காட்டிய அவ் வழியில் அவர் செல்லவுமில்லை. ‘செயற்படுத்த மாட்டேன்’ என்னும் தனிவழியை அவரே வெட்டிக்கொண்டார்.

இதனினும் பெரிது ஒன்று நடந்தது. நாட்டின் தலைமை வழக்குரைஞர், ஆப்பிள், கூகுள் முதலிய நிறுவனங்களுக்கு மடல்கள் விடுத்தார். செயலியை வழங்குவதால் நீங்கள் சட்டத்தை மீறியவராகமாட்டீர். உங்கள்மேல் அரசுக்குள்ள உரிமைக் கோரிக்கையை அரசு மீளாவகையில் விட்டுக்கொடுக்கிறது என்பது அம் மடல்களின் சாரம். வெளிநாட்டு உறவும் நாட்டுக் காப்பும் குடியரசுத் தலைவரின் கடமைகள். அக் கடமைகளுக்கு இச் சட்டம் இடையூறாகலாகாது என்பது காட்டப்பட்ட கரணியம். 2025 பிப்பிரவரி 13ஆம் நாள் அச் செயலி கடைகளுக்கு மீண்டது. அம் மடல்களோ, தகவல் அறியும் சட்டத்தின்வழி வற்புறுத்திக் கேட்ட பின்னரே, சூலையில் மக்கள் பார்வைக்கு வந்தன.

ஒரு குற்றத்தைத் தண்டிக்காமல் விடுவது வேறு. அது குற்றமே அன்று என்று எழுதிக் கொடுப்பது வேறு. முன்னது காவற்காரனின் சோம்பல் என்றாவது சொல்லப்படலாம். பின்னது, ஊர்மன்றத்தின் ஓலையைக் காவற்காரன் தன் கையாலேயே திருத்தி எழுதுவதாகும்.

அந்த எழுத்தும் உறுதியானதா என்றால், அதுவும் இல்லை. இத்தகைய தண்டத்திற்கு வழக்குத் தொடுக்க ஐந்தாண்டுக் காலம் உண்டு. நாளை வேறொருவர் ஆட்சிக்கு வந்து, முன்னவர் எழுதிக்கொடுத்த மடல் என்னைக் கட்டுப்படுத்தாது என்றால், அந் நிறுவனங்கள் எங்கே போய் முறையிடும்? ஆதலின் ஆட்சியாளரின் முகம் கோணாமல் நடந்துகொள்வதே அவற்றிற்குக் காப்பாகிறது. செயலுக்கு வராத, ஆனால் நீக்கவும்படாத சட்டத்தின் உண்மையான ஆற்றல் இதுவே. அது குற்றவாளியை அடக்குவதில்லை; அனைவரையும் திறவுகோல் வைத்திருப்பவரின் முன் கைகட்டி நிற்க வைக்கிறது.

முந்நூறாண்டுக்கு முந்தைய பாடம்

இது புதிய நோயன்று. இங்கிலாந்தில் இரண்டாம் சேம்சு மன்னன் 1687ஆம் ஆண்டில், சமயம் பற்றிய தண்டனைச் சட்டங்களைத் தன் ஆணையாலேயே நிறுத்தி வைத்தான். அடுத்த ஆண்டு அவ் வறிவிப்பைக் கோயில்கள்தோறும் படிக்கச் சொன்னபோது, தலைமை ஆயரும் வேறு ஆயர் அறுவரும், நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை நிறுத்த மன்னனுக்கு உரிமையில்லை என்று விண்ணப்பம் எழுதினர். அவர்களைச் சிறையிட்டு வழக்குத் தொடுத்தான் மன்னன். 1688 சூன் 30ஆம் நாள் சான்றாயத்தார் அவர்களைக் குற்றமற்றவர் என விடுவித்தனர். அவ் வாண்டு முடியுமுன் மன்னன் நாட்டை விட்டே ஓடினான். 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம், நாடாளுமன்றத்தின் இசைவின்றி அரசன் சட்டங்களை நிறுத்தி வைத்தல் முறைகேடு என்று அறுதியிட்டது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அம் மன்னன் நிறுத்தி வைத்த சட்டங்கள் கொடியவை. அவற்றால் துன்புற்ற மக்களுக்கு அவன் ஆணை நன்மையே தந்தது. ஆயினும், நன்மை செய்வதற்கென்று சட்டத்தை நிறுத்தும் கை, நாளை தீமை செய்வதற்கும் அதை நிறுத்தும் என்பதை அம் மக்கள் உணர்ந்தனர். அப் பாடத்தைக் கற்றவர்களே 1787இல் அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தை எழுதினர். சட்டங்கள் உண்மையோடு செயற்படுத்தப்படுவதைக் குடியரசுத் தலைவர் கண்காணிக்க வேண்டும் என்பதை அவருடைய கடமையாகவே வைத்தனர்.

இன்று டிக்டாக் திறந்திருப்பது கோடிக்கணக்கான இளைஞர்க்கு மகிழ்ச்சியே. அதைக் கொண்டு பிழைக்கும் சிறுவணிகர் பலர். அதில் பாடியும் பேசியும் பெயர் பெற்றோர் பலர். அவர்களின் இழப்பை எளிதாக எண்ணுவதற்கில்லை. ஆனால் அவர்களின் பிழைப்பு சட்டத்தின்மேல் நிற்கவில்லை. ஒருவரின் விருப்பத்தின்மேல் நின்றது. 75 நாளுக்கு ஒருமுறை, 90 நாளுக்கு ஒருமுறை, அடுத்த ஆணை வருமா என்று வாயில் பார்த்து நிற்கும் வாழ்வு, உரிமையுடையோர் வாழ்வாகுமா? அஃது இரந்து பெற்ற வாழ்வேயன்றோ?

காப்புப் பொருள் விலைப் பொருளானது

நாட்டுக் காப்பு என்று சொல்லித்தான் சட்டம் பிறந்தது. இடர் உண்மையென்றால் ஒரு நாளும் பொறுக்கலாகாது. இடர் பொய்யென்றால் சட்டத்தையே நீக்க வேண்டும். இரண்டும் நடைபெறவில்லை. 2025 மார்ச்சில், இவ் வுடன்படிக்கை முடிவதற்காகச் சீனத்தின் மேலுள்ள இறக்குமதி வரியைச் சிறிது குறைக்கவும் கூடும் என்று குடியரசுத் தலைவரே வெளிப்படையாகக் கூறினார். நாட்டின் காப்புக்கென்று போட்ட பூட்டு, வரிச்சந்தையில் விலைபேசும் பண்டமாயிற்று!

அரசியலார் நடந்துகொண்ட முறையையும் பாருங்கள். கூட்டரசின் கருவிகளில் டிக்டாக் இருத்தலாகாது என்று 2022 திசம்பரில் சட்டம் செய்தனர். 2024 பிப்பிரவரியில் பைடனின் தேர்தற் குழுவினர் அதே செயலியில் சேர்ந்தனர். சூனில் திரம்பும் சேர்ந்தார். 2025 ஆகத்தில் வெள்ளை மாளிகையே அதில் தனக்கோர் இடம் அமைத்துக்கொண்டது. நஞ்சென்று ஊருக்கு உரைத்துவிட்டு, அந் நஞ்சுக் கலத்திலேயே தம் தேர்தல் விருந்தைப் பரிமாறினர் இரு கட்சியாரும்.

முடிவில் 2026 சனவரி 22ஆம் நாள் புதிய கூட்டு நிறுவனம் ஒன்று அமைந்தது. ஆரக்கிள், சில்வர் இலேக்கு, அபுதாபியின் எம்.சி.எக்சு ஆகிய மூன்றும் நூற்றுக்குப் பதினைந்து வீதம் பங்கு கொண்டன. பைட்டுடான்சுக்கு 19.9 பங்கு. பகைநாட்டார்க்கு 20 பங்கு இருந்தால் அச் செயலி சட்டத்தின் பிடிக்குள் வரும் என்பதை அறிந்தால், இந்த 19.9இன் நுட்பம் விளங்கும்! யாருக்கு எந்தப் படத்தைக் காட்டுவது என்று முடிவு செய்யும் பரிந்துரை முறையே அச் செயலியின் உயிர். அவ் வுயிரைப் பைட்டுடான்சிடம் உரிமம் பெற்று, அமெரிக்கர் தரவைக் கொண்டு மீளப் பயிற்றுவதாக ஏற்பாடு. இது சட்டம் கேட்ட முழுமையான பிரிவுதானா என்னும் வினாவை நாடாளுமன்றத்தார் சிலர் எழுப்பினர். விடை சொல்ல வேண்டியவர் யார்? சட்டப்படியே அதை முடிவு செய்பவர் குடியரசுத் தலைவர். அவரோ முன்பே ‘போதும்’ என்று ஆணையிட்டுவிட்டார். பங்கு கொண்ட ஆரக்கிளைத் தோற்றுவித்தோருள் ஒருவரான இலாரி எல்லிசன் அவருக்கு ஆதரவாளர் என்று அறியப்பட்டவர். முறைகேடு நடந்தது என்று அதனாலேயே சொல்லிவிட முடியாது. ஆனால் நடக்கவில்லை என்று மக்கள் நம்புதற்குரிய வழியும் அடைபட்டுப் போயிற்று. திறவுகோல் ஒருவர் மடியில் இருந்ததால் வந்த கேடு அது.

இந்தியாவின் மறுபுறம்

அமெரிக்காவை மட்டும் சுட்டிவிட்டுப் போவது நேர்மையாகாது. இதே செயலியை இந்தியா தடைசெய்த முறையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

2019 ஏப்பிரல் 3ஆம் நாள், உயர் அறமன்றத்தின் மதுரைக் கிளை, சிறாருக்குத் தீங்கு என்னும் கரணியம் காட்டி, டிக்டாக்கைத் தரவிறக்குவதைத் தடுக்குமாறு இடைக்கால ஆணையிட்டது. செயலிக் கடைகளிலிருந்து அது நீங்கிற்று. இரு பக்கமும் கேட்டபின், அதே திங்கள் 24ஆம் நாள் மன்றமே அவ் வாணையை விலக்கிக்கொண்டது. தடையும் வெளிப்படை, விலக்கும் வெளிப்படை.

அடுத்த ஆண்டு நடந்ததோ வேறு. 2020 சூன் 15ஆம் நாள் கல்வான் பள்ளத்தாக்கில் இந்தியப் படைமறவர் 20 பேர் உயிர்நீத்தனர். சூன் 29ஆம் நாள், தகவல் தொழினுட்பச் சட்டத்தின் 69அ பிரிவைக் கொண்டு, டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை ஒன்றிய அரசு தடைசெய்தது. ஏறத்தாழ 20 கோடிப் பயனர் இருந்த செயலி ஓரிரு நாளில் மறைந்தது. நாடாளுமன்றத்தில் சொற்போர் இல்லை, வாக்கெடுப்பு இல்லை. அப் பிரிவின் விதிகளோ, தடை ஆணைகளைக் கமுக்கமாகவே வைத்திருக்க வேண்டும் என்கின்றன. 2025 ஆகத்திலும் அத் தடை நீக்கப்படவில்லை என்றே அரசு அறிவித்தது.

அமெரிக்காவில் ஆய்வு இருந்தது, வாக்கெடுப்பு இருந்தது, தீர்ப்பு இருந்தது, செயல் மட்டும் இல்லை. இந்தியாவில் செயல் இருந்தது. அதற்கு முன்னிருக்க வேண்டிய ஆய்வும் சொல்லும் மக்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. வழிகள் இரண்டும் எதிரெதிரானவை. வந்து சேர்ந்த இடமோ ஒன்றே: முடிவு, ஆட்சிப் பீடத்தில் இருப்போரின் விருப்பத்தில் தங்கிற்று.

செய்ய வேண்டுவன

அயலார் செயலியைத் தடைசெய்யலாமா, கூடாதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது பாதி வினா. தடைசெய்யும் அதிகாரம் எவருக்கு? செயற்படுத்தும் கடமை எவருக்கு? அவர் தவறினால் கேட்கும் உரிமை எவருக்கு? இவை மூன்றும் சேர்ந்ததே முழு வினா.

அமெரிக்கச் சட்டம் முதல் வினாவுக்குத் தெளிவான விடை தந்தது. இரண்டாவதற்கு ஒருவரை மட்டும் நம்பியது. மூன்றாவதை மறந்தே போனது. சட்டத்தைச் செயற்படுத்தாமையால் ஊதியம் பெற்ற நிறுவனங்கள் வழக்குத் தொடுக்கப் போவதில்லை. மகிழ்ந்திருந்த பயனரும் தொடுக்கப் போவதில்லை. சட்டம் இயற்றிய நாடாளுமன்றமோ, தன் சொல் ஓராண்டு முழுதும் காற்றில் பறந்தும், ஓர் அவையாக எழுந்து வழக்குரைக்கவில்லை. நேற்று 352 கைகளை உயர்த்தியோரின் கைகள் இன்று மடிந்து கிடந்தன. ஆளுவோரின் சினத்திற்கு அஞ்சினரோ, இளைஞரின் வாக்குக்கு அஞ்சினரோ, அஃது அவர்கள் நெஞ்சுக்கே வெளிச்சம்.

ஆகவே, ஒரு தடை வேண்டுமென்று முழங்குவோர் முதலில் அதன் யாப்பைப் பார்க்க வேண்டும். கால எல்லை குறித்தால், அதை நீட்டும் உரிமை மன்றத்திற்கே இருக்க வேண்டும். விற்றல் நிறைவேறியதா என்று முடிவு செய்வோர், விற்பனையில் விருப்பு வெறுப்பு இல்லாதவராக இருக்க வேண்டும். கரணியமும் ஆணையும் மடலும் மக்கள் கண்முன் வைக்கப்பட வேண்டும். செயலி எந்நாட்டாருடையதாயினும், மக்களின் தரவைக் காக்கும் பொதுச்சட்டம் முதலில் வேண்டும். அத்தகைய முழுமையான சட்டம் ஒன்றை இயற்றாமலே அமெரிக்கக் கூட்டரசு ஒரு செயலியின்மேல் பாய்ந்தது. அயலான் திருடினால் குற்றம், உள்ளூரான் திருடினால் வணிகம் என்னும் நெறி எந்த நாட்டையும் காக்காது.

தவறான சட்டமா? நீக்குக. சரியான சட்டமா? செயற்படுத்துக. இரண்டும் செய்யாமல் அதைத் தொங்கவிட்டு வைப்பது, சட்டத்தைக் கயிறாக்கி ஒருவர் கையில் கொடுப்பதாகும். அந்தக் கயிறு இன்று ஓர் அயல்நாட்டு நிறுவனத்தின் கழுத்தில் விழுந்திருக்கிறது. நாளை அது செய்தித்தாளின் கழுத்திலும், எதிர்த்துப் பேசுவோனின் கழுத்திலும் விழும். அப்பொழுது ‘சட்டம் எங்கே?’ என்று கேட்பவனுக்கு, ‘என் மடியில் இருக்கிறது’ என்னும் விடைதான் வரும்.

ஊரார் கூடிப் போட்ட பூட்டின் திறவுகோல் ஊர்மன்றத்திலேயே இருக்கட்டும். அதை ஒருவர் மடியில் செருகும் நாளிலேயே, ‘வை அதை மன்றத்தில்!’ என்று எழுந்து சொல்லும் மக்களே தம் உரிமையைக் காத்தவராவர்.